ஒரு வீட்டுக்கு எத்தனை எண்?

பாளையங்கோட்டையில் சொந்த வீட்டில் இருக்கும் நடுத்தரக் குடும்பம் ஒன்று ஓராண்டில் எத்தனை முறை கட்டணம் கட்டுகிறது என்று விரல்விட்டு எண்ணலாம். மின்கட்டணம் 6 முறை, சொத்துவரி 2 முறை, கேபிள் டிவிக்கு 12, இணைய இணைப்புக்கு 12. 28 நாள் திட்டத்தில் ஓடும் கைபேசிக்கு ஆண்டுக்கு 13 முறை என்றால் இரண்டு கைபேசிக்கு 26. எரிவாயு சிலிண்டர் எட்டு என்று வைத்தால் மொத்தம் 66 ஆகிறது. குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். வாரத்துக்கு ஒன்றுக்குக் குறையாமல் ஏதோ ஒரு கெடு வந்துகொண்டே இருக்கிறது.

இவற்றை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கவும் கட்டவும் முடியுமா என்பதே இணையவழிக் கட்டணம் பற்றிய அடிப்படைக் கேள்வி. கட்டுவதைப் பொறுத்தவரை பெருமளவு முடியும் என்று ஆகிவிட்டது. பார்ப்பதில்தான் சிக்கல். எந்தக் கட்டணம் எதற்காக வந்தது, எந்த அளவின் மேல் கணக்கிடப்பட்டது, யார் பெயரில் இருக்கிறது என்பவை இன்னும் தனித்தனி அலுவலகங்களில்தான் கிடக்கின்றன. பணம் ஒரே வாசலுக்கு வந்துவிட்டது, கணக்கு வரவில்லை.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்தப் பிரிவினையைத் துலக்கமாகப் பார்க்கலாம். பாபநாசத்தில் 1944-இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வரும் ஆற்றுநீர்தான் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி எனப் படுகை முழுக்க வயலுக்குப் பாய்கிறது, குடிநீராகவும் ஊர்களுக்குப் போகிறது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே ஆற்றில் பிறந்தாலும், வீட்டு வாசலுக்கு வரும்போது ஒன்று உள்ளாட்சியின் கணக்கு, மற்றது மின்வாரியத்தின் கணக்கு. இரண்டுக்கும் எண் வேறு, கெடு வேறு.

மின்கட்டணத்திலிருந்தே தொடங்கலாம். 1957-இல் அமைந்த தமிழ்நாடு மின்சார வாரியம் 2010-இல் பிரிக்கப்பட்டு, பகிர்மானப் பொறுப்பு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்திடம் போனது. 2024-இல் அதுவும் பிரிந்து தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் தனியாக வந்தது. பலகைகள் மாறினாலும் நெல்லைக்காரர்களுக்கு அது எப்போதும் ஈ.பி. ஆபீஸ்தான். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கப்படுகிறது. கணக்கிட்ட நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். 2016 மே மாதம் முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்.

மின் இணைப்பு எண்ணை உற்றுப் பார்த்தால் அது ஒரு முகவரி என்பது புரியும். முதல் இரண்டு இலக்கம் மண்டலத்தைக் குறிக்கிறது. திருநெல்வேலி மண்டலத்துக்கு 07. அடுத்த மூன்று இலக்கம் பிரிவு அலுவலகம், அதற்கடுத்த மூன்று பகிர்மானம், கடைசியில் வருவது இணைப்பின் எண். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துபோயின. மின் இணைப்பு எண்ணைப் பொறுத்தவரை அவை இன்னும் 07-க்குள்தான் இருக்கின்றன. மாவட்டத்தைப் பிரிப்பது ஓர் அரசாணையில் முடிகிற காரியம். லட்சக்கணக்கான வீடுகளின் எண்ணை மாற்றுவது அப்படி அல்ல.

இந்த 07-தான் இணையவழியில் முதல் தடுக்கல். வீட்டில் ஆணியில் தொங்கும் வெள்ளை அட்டையில் பெரும்பாலும் மண்டல எண் இல்லாமல் மீதி இலக்கங்கள் மட்டும் கையால் எழுதப்பட்டிருக்கும். பிரிவு அலுவலகத்தின் கவுன்டரில் அது போதும், ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தாம் எந்த மண்டலத்தில் இருக்கிறோம் என்பது தெரியும். செயலிக்குத் தெரியாது. முன்னால் 07 சேர்க்காமல் தட்டினால் எண் தவறு என்று திரும்பி வரும். ஓர் இலக்கம் மாறி அது வேறொருவரின் சரியான எண்ணாக அமைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஊர்பேர் தெரியாத ஒரு வீட்டின் கரண்டு பில்லைக் கட்டிய புண்ணியம் சேரும், சொந்த வீட்டின் பாக்கி அப்படியே நிற்கும். அதைத் திருத்த எழுத்து மூலம் விண்ணப்பித்து அலைய வேண்டியிருக்கும். திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டுப் பணம் அனுப்பினால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் அந்தப் பெயர் பல வீடுகளில் காலமாகிப்போன தாத்தாவின் பெயராகவோ, வீட்டை விற்றுவிட்டுப் போனவரின் பெயராகவோ இருக்கும்.

உள்ளாட்சிக் கட்டணங்களின் கதை வேறு. நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் இணைத்து 1994-இல் மாநகராட்சி அமைந்தது. இன்றைக்கும் இதே நான்கு பெயர்களில்தான் நான்கு மண்டலங்கள், மொத்தம் 55 வார்டுகள். வீட்டுத் தீர்வை என்று பெரியவர்கள் சொல்லும் சொத்துவரி ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு என்று கணக்கிடப்படுகிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டுவோருக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் வரி கட்டும் வீட்டுக்கு ஏப்ரலில் நினைவு வந்தால் 100 ரூபாய் மிச்சம். நினைவூட்டல் என்பதன் விலையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் இடம் வேறு இல்லை.

சொத்துவரிக்கு ஓர் எண், குடிநீர் இணைப்புக்கு ஓர் எண், பாதாளச் சாக்கடைக்கு இன்னோர் எண் என்று ஒரே மாநகராட்சிக்குள்ளேயே ஒரு வீடு பல எண்களாக உடைகிறது. நகராட்சி நிர்வாகத் துறையின் இணையதளத்தில் இவற்றை எல்லாம் கட்டலாம். மாநகராட்சி எல்லையைத் தாண்டி ஊராட்சிக்குள் கால் வைத்தால் தளமே மாறிவிடும். ஊரக வளர்ச்சித் துறை கிராம ஊராட்சிகளின் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணங்களுக்குத் தனி இணையதளம் வைத்திருக்கிறது. நகரம் வளர்ந்து ஊராட்சிக்குள் புகுந்துவிட்ட ஓரப்பகுதிகளில் அடுத்தடுத்த தெருக்காரர்கள் வெவ்வேறு தளங்களில் கட்டுகிறார்கள்.

மற்றவை எளிமையானவை. சிலிண்டரைக் கைபேசியில் பதிவு செய்து பணத்தையும் அதிலேயே கட்டிவிடலாம். சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வருபவருக்குக் கையில் கொடுக்கும் காசு மட்டும் எந்தச் செயலியிலும் ஏறாது. கேபிளுக்கு இன்னும் பல தெருக்களில் ஆபரேட்டரின் பையன் மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்கிறான். அரசு கேபிள் நிறுவனம் 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கிய காலத்திலும் வசூல் அப்படித்தான் நடந்தது. கைபேசிக் கட்டணம் முன்கூட்டியே கட்டுவது என்பதால் பாக்கி என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் 28 நாள் என்ற அதன் கணக்கு எந்தக் காலண்டரோடும் பொருந்தாமல் மாதாமாதம் தேதி நகர்ந்துகொண்டே போகிறது. சம்பளத் தேதிக்குப் பொருந்தவில்லை என்ற குறை எழுந்த பிறகு, குறைந்தது ஒரு 30 நாள் திட்டமாவது இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது.

இணையத்துக்கு முன்பும் ஒவ்வொரு வீட்டிலும் 'ஒரே இடம்' ஒன்று இருந்தது. சுவரில் மாட்டிய குத்துக்கம்பிதான் அது. கட்டிய ரசீதுகள் எல்லாம் அதில் குத்தப்பட்டு, அடியில் பழையதும் மேலே புதியதுமாக அடுக்கு வளர்ந்துகொண்டே போகும். மின் அட்டை, எரிவாயுப் புத்தகம், தீர்வை ரசீது மூன்றும் பக்கத்தில் மஞ்சள்பையில் இருக்கும். அந்த ஏற்பாட்டில் கட்டுவதுதான் கஷ்டம்: வேலைநாளில் அரைநாள் விடுப்பு, வெயிலில் வரிசை, சில்லறைத் தகராறு, மதியம் கவுன்டர் மூடிவிடுமோ என்ற பதற்றம். ஆனால் கணக்கு கைவசம் இருந்தது. வெள்ளை அட்டையில் முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், ஓடிய யூனிட், தொகை, தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிகூட, "போன தடவைக்கு இந்தத் தடவை நாப்பது யூனிட்டு கூட ஓடிருக்கே" என்று கேட்டுவிட முடிந்தது.

கட்டும் கஷ்டத்தை மட்டும் தனியே எடுத்துத் தீர்க்க முயன்ற வரலாறு நீண்டது. ஆஸ்திரியாவின் அஞ்சலக சேமிப்பு வங்கி 1883-லேயே கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் மாற்றும் கைரோ முறையைத் தொடங்கியது. ஐரோப்பிய வீடுகள் பலவற்றில் வாடகையும் மின்கட்டணமும் அந்த வழியில்தான் போயின. ஜப்பானில் 1980-களின் இறுதியிலிருந்து தெருமுனைப் பலசரக்குக் கடைகள் மின்கட்டணம் வாங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் 1997-இல் வந்த பிபே முறையில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண், வாடிக்கையாளருக்கு ஓர் எண். இரண்டையும் சொன்னால் எந்த வங்கியிலிருந்தும் கட்டலாம்.

இந்தியாவில் முதலில் வந்தவை ஒரே கூரைக்குக் கீழே பல கவுன்டர்கள். ஐதராபாத்தில் 1999-இல் சோதனையாகத் தொடங்கிய மையம் 2001-இல் ஈ-சேவா என்ற பெயரில் விரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2000-இல் ஃப்ரெண்ட்ஸ் மையங்கள் வந்தன. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, வரி எல்லாவற்றையும் ஒரே கவுன்டரில் கட்டலாம் என்பதே அவற்றின் சிறப்பு. ஒவ்வொரு துறையின் கணக்கும் தனித்தனியாக இருக்க, வாங்கும் கை மட்டும் ஒன்றானது. பிறகு வந்த எல்லா ஏற்பாடுகளும் இந்த அமைப்பையே பின்பற்றின.

ரிசர்வ் வங்கி இந்தக் கேள்வியை முறையாக எடுத்துக்கொண்டது அடுத்த பத்தாண்டில். அதன் செயல் இயக்குநர் ஜி. பத்மநாபன் தலைமையிலான குழு 2013-இல் அறிக்கை தந்தது. நாட்டின் முதல் 20 நகரங்களில் மட்டும் ஆண்டுக்கு 3,080 கோடி பில்கள் உருவாகின்றன, அவற்றின் மதிப்பு சுமார் 6.2 லட்சம் கோடி ரூபாய் என்று அது கணக்கிட்டது. பெரும்பகுதி ரொக்கமாகவும் காசோலையாகவும் கட்டப்பட்டது. அடுத்து ஐஐடி மும்பையின் பேராசிரியர் உமேஷ் பெல்லூர் தலைமையில் ஆலோசனைக் குழு அமைந்து, 2014 நவம்பரில் பாரத் பில் பேமென்ட் சிஸ்டத்துக்கான வழிகாட்டு நெறிகள் வெளியாயின. சோதனை ஓட்டம் 2016 ஆகஸ்டில் தொடங்கியது. நடுநாயக அமைப்பாக தேசிய கொடுப்பனவுக் கழகம் இருந்தது. 2021 ஏப்ரலிலிருந்து அதன் துணை நிறுவனம் ஒன்று இந்தப் பணியைத் தனியாகக் கவனிக்கிறது. முதலில் மின்சாரம், தொலைபேசி, டிடிஎச், எரிவாயு, தண்ணீர் என்று ஐந்து வகைகள். 2019 செப்டம்பரில், முன்கட்டண ரீசார்ஜ் தவிர, திரும்பத் திரும்ப வரும் எல்லாக் கட்டணங்களுக்கும் கதவு திறந்தது.

இந்த முறை இயங்கும் விதம் தெரிந்தால் அதன் எல்லையும் தெரியும். ஒருவர் தம் வங்கிச் செயலியிலோ வேறு கட்டணச் செயலியிலோ இணைப்பு எண்ணைத் தட்டுகிறார். அந்தச் செயலி வாடிக்கையாளர் பக்கத்து இயக்க அமைப்பு ஒன்றோடு இணைந்தது. கேள்வி அங்கிருந்து நடு அமைப்புக்குப் போகிறது. நடு அமைப்பு அதை மின்கழகத்தின் பக்கத்து இயக்க அமைப்புக்கு அனுப்ப, அது மின்கழகத்தின் கணினியைக் கேட்கிறது. பெயர், தொகை, கெடு ஆகியவை வந்த வழியே திரும்பி வருகின்றன. பணம் கட்டியதும் அதே பாதையில் செய்தி மறுபடி போய், கடைசியில் ஒரு பரிவர்த்தனை எண் கைக்கு வருகிறது. ஆகவே செயலி எதையும் கணக்கிடுவதில்லை, எந்தக் கணக்கையும் வைத்திருப்பதுமில்லை. அது ஒரு தபால்காரர். அதனால்தான் எந்தச் செயலியில் திறந்தாலும் ஒரே தொகை வருகிறது. தொகை தவறென்று தோன்றினால் செயலியிடம் சண்டை போட்டுப் பயனில்லை என்பதற்கும் காரணம் இதுதான்.

தபால்காரர் கொண்டுவரும் கடிதம் சுருக்கமானது. பெரும்பாலான செயலிகளில் தெரிவது தொகையும் கெடுவும் மட்டுமே, யூனிட் தெரிவதில்லை. தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டண அமைப்பில் இது சிறிய குறை அல்ல. 2022 செப்டம்பர் கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். இரு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடினால், முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய் வீதம் 225, அடுத்த 200-க்கு 4.50 வீதம் 900, கடைசி 100-க்கு 6 ரூபாய் வீதம் 600, ஆக 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் அட்டவணையே மாறுகிறது. 101 முதல் 400 வரை 4.50 வீதம் 1,350, அடுத்த 100-க்கு 600, கடைசி யூனிட்டுக்கு 8 ரூபாய், ஆக 1,958. ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். விகிதங்கள் பின்னர் உயர்ந்தாலும் கற்பதற்கு அந்த ஆண்டின் கணக்கே போதும். நாளைக்கு 8 யூனிட் ஓட்டும் வீட்டில் ரீடிங் எடுப்பவர் ஐந்து நாள் தாமதமாக வந்தால் 40 யூனிட் கூடி வரம்பைத் தாண்டிவிடலாம். அட்டையைப் பார்க்கும் வீட்டில் இது உடனே கண்ணில் படும். தொகையை மட்டும் பார்த்துக் கட்டும் வீட்டில், "இந்த வெயிலுக்கு ஏசி ஓடியிருக்கும்" என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள்.

2020 ஊரடங்கு இதற்கு நல்ல உதாரணம். ரீடிங் எடுக்க ஆள் வர முடியாததால் முந்தைய கணக்கீட்டின் தொகையையே கட்டலாம் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு நான்கு மாதத்துக்குச் சேர்த்து ரீடிங் எடுத்தபோது தொகை எகிறியது என்ற குறை மாநிலம் எங்கும் எழுந்து, சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கின் முடிவைவிட, அன்றைக்குத் தம் பில்லைத் தாமே சரிபார்க்க முடிந்தவர்கள் யார் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. அட்டையில் எண்கள் இருந்தவர்களால் முடிந்தது. கூடுதல் வைப்புத் தொகையும் இதே வகைதான். பயன்பாடு கூடிய வீடுகளுக்கு அது மின்கட்டணத்தோடு சேர்ந்து வந்தபோது, காரணம் தெரியாமல் கட்டியவர்களே அதிகம். முழு விவரம் மின்கழகத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறது. ஒரே இடத்தில் கட்டும் வசதியை அனுபவித்தாலும் கணக்கைப் பார்க்க அந்தந்த வாசலுக்குப் போயே ஆக வேண்டும்.

தானியங்கிக் கழிப்பு என்ற வசதியையும் இந்த நோக்கில்தான் எடைபோட வேண்டும். ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் கெடு வந்ததும் பணம் தானே போய்விடும். 2021 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கழிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குச் செய்தி வர வேண்டும். கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் கழிக்கக்கூடிய வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது. 2022 ஜூனில் 15,000 ஆனது. மாதாமாதம் ஒரே தொகை வரும் இணையக் கட்டணத்துக்கு இது பொருத்தமானது. தொகை ஏறி இறங்கும் மின்கட்டணத்துக்கு அவ்வளவு பொருந்தாது. 1,725 வர வேண்டிய இடத்தில் 1,958 போனதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வாரக் கூலிக்குப் பீடி சுற்றும் முக்கூடல், மேலப்பாளையம் வீடுகளில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கெடு நாளில் கணக்கில் இருப்பு குறைந்தால் தானியங்கி முறை தோற்றுப்போகும், அதற்கு வங்கி கட்டணமும் பிடிக்கலாம். கையில் காசு சேர்ந்த நாளில் போய்க் கட்டுவதே அவர்களுக்குச் சரிப்படும்.

அப்படிப் போகும் இடம் இப்போது பெரும்பாலும் ஈ-சேவை மையமோ, தெருமுனையில் உள்ள ஜெராக்ஸ் கடையோதான். கடைக்காரர் தம் கைபேசியில் எண்ணைத் தட்டிக் கட்டிவிட்டு, பத்தோ இருபதோ கூலி வாங்கிக்கொண்டு, கேட்டால் ரசீது எடுத்துக் கொடுக்கிறார். தெருவில் நூறு வீடுகளின் எண்கள் அவருடைய கைபேசியில் சேமிக்கப்பட்டிருக்கும். ஒரே இடத்தில் எல்லாக் கட்டணங்களும் என்று சொன்னால், பள்ளத்தாக்கின் பல ஊர்களில் நடைமுறையில் அந்த ஒரே இடம் இவர்தான். கணினி நிபுணர்களின் வரைபடத்தில் இடம்பெறாத இந்த மனிதரால்தான் இணையவழிக் கட்டணம் கிராமத்துக்குள் வந்தது.

இன்னொரு பக்கம், கட்டுபவர் ஊரிலேயே இல்லாத வீடுகள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடுகள் பாளையங்கோட்டைப் பெருமாள்புரத்திலும் உண்டு, ஏரலிலும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்தபடியே இந்திய வீட்டின் கட்டணங்களை இதே முறையில் நேரடியாகக் கட்ட வழிசெய்யப்படும் என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவித்தது. அதற்கு முன்பு பெற்றோர் கணக்குக்குப் பணம் அனுப்பி, அவர்கள் எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. இது பெரிய நிம்மதிதான். ஆனால் மின் இணைப்போடு மகனின் கைபேசி எண்ணைப் பதிந்துவிட்டால் செய்தி எல்லாம் அவனுக்கே போகிறது. வீட்டில் இருப்பவர்களுக்குக் கட்டியாயிற்றா இல்லையா என்று தெரியாது. அவன் வேலை மும்முரத்தில் மறந்துபோனால், ஃபியூஸ் கேரியரைப் பிடுங்க ஆள் வந்து நிற்கும்போதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரியும். கட்டணம் பற்றிய அறிவு வீட்டைவிட்டு வெளியூர் போய்விட்ட நிலை இது. எழுதி ஒட்டிவைத்த ஒரு தாளால் இதைச் சரிசெய்துகொண்ட குடும்பங்கள் உண்டு: மகன் கட்டியதும் போனில் சொல்கிறான், அப்பா காலண்டரில் தேதியை வட்டமிடுகிறார்.

மோசடிக்காரர்களின் வழியும் இந்த இடைவெளிதான். 2022 வாக்கில் நாடு முழுவதும் பரவிய ஒரு குறுஞ்செய்தியின் சாரம் இது: கடந்த மாத பில் கட்டப்படவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள். அழைத்தவரிடம் கைபேசியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலி ஒன்றைப் பதிவிறக்கச் சொல்லி, பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பாருங்கள் என்று கேட்டு, கணக்கைத் துடைத்துவிடுவார்கள். கட்டியது நிச்சயமாகத் தெரிந்த வீட்டில் இந்தச் செய்தி சிரிப்பை வரவழைக்கும். தெரியாத வீட்டில்தான் பதற்றம். ஏமாந்தவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. மின்சாரம் பற்றிய உண்மையான புகார்களுக்கு 2021 ஜூனில் தொடங்கிய மின்னகம் மையத்தின் எண் 94987 94987.

பணம் கணக்கில் குறைந்து, பில் பாக்கியாகவே நிற்பதும் அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் செய்தி வழியில் எங்கோ தேங்கியிருக்கும், ஓரிரு நாளில் சேர்ந்துவிடும். பதறி இரண்டாவது முறை கட்டுவதுதான் வழக்கமான தவறு. அப்படிக் கட்டினாலும் மின்கட்டணத்தில் அது அடுத்த முறைக்கு வரவாகவே கிடக்கும். யுபிஐ வழியாக நிறுவனத்துக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. கேட்பவருக்குப் பரிவர்த்தனை எண் தேவை. அது பழைய ரசீது எண்ணின் வாரிசு. குத்துக்கம்பியில் குத்தியதுபோல் அதை எங்காவது குறித்துவைத்தவருக்கே பயன்படும். வங்கி கைவிட்டால் 2021 நவம்பரில் ஒன்றிணைக்கப்பட்ட ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை இந்த முறை முழுவதையும் ஒருசேரச் சோதித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டு நெல்லையின் தாழ்வான தெருக்களிலும் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளிலும் வீடுகளுக்குள் புகுந்தது. மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரம் இல்லை, கைபேசியில் சார்ஜ் இல்லை. அரசு மின்கட்டணத்துக்குத் தாமதக் கட்டணமின்றிக் கால நீட்டிப்பு கொடுத்ததால் பெரிய சேதம் இல்லை. வீட்டில் இருந்த அட்டை, ரசீது, பத்திரம் எல்லாம் சகதியாகிப்போன குடும்பங்களுக்கு அப்போது இணையத்தில் கிடந்த கணக்கு கைகொடுத்தது. எண் நினைவிருந்தால் அல்லது பழைய கட்டணச் செய்தி கைபேசியில் இருந்தால் எல்லாவற்றையும் மீட்டெடுக்க முடிந்தது. காகிதம் ஆற்றில் போகும், கைபேசி மின்சாரத்தோடு போகும். எண்ணை மட்டும் ஒரு நோட்டிலும் உறவினர் ஒருவரிடமும் எழுதிவைப்பது இரண்டுக்கும் மாற்று.

ஒரே செயலியில் எல்லாவற்றையும் கட்டுவதன் இன்னொரு விளைவு பற்றி இங்கே அதிகம் பேசப்படவில்லை. எந்த வீட்டில் மின்சாரம் எவ்வளவு, எரிவாயு எத்தனை நாளுக்கு ஒன்று, எப்போது ரீசார்ஜ் தவறியது என்பவை எல்லாம் ஒரு நிறுவனத்தின் கையில் சேரும்போது, அந்தக் குடும்பத்தின் பொருளாதார நிலை அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. கடன் விளம்பரங்கள் அதே திரையில் வந்து நிற்பது தற்செயல் அல்ல. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. நடைமுறையில் மக்கள் கண்ணுக்குப் படுவது, கைபேசி ரீசார்ஜோடு சில செயலிகள் சேர்த்துப் பிடிக்கும் ஓரிரு ரூபாய்க் கட்டணமும், கிரெடிட் கார்டில் கட்டினால் வரும் கூடுதல் வீதமும்தான். சேவை வழங்கும் துறையின் சொந்தத் தளத்தில் யுபிஐ மூலம் கட்டினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

வாடகை வீடுகளில் இந்த முறை பாதியில் நின்றுவிடுகிறது. வளவு வீடுகளிலும் மாடிப் போர்ஷன்களிலும் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்க, குடியிருப்பவருக்கு சப்மீட்டர்தான். யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வைத்த விலையை அவர் கையில் கொடுக்கிறார். அவருடைய கட்டணம் எந்தச் செயலியிலும் வருவதில்லை, 100 யூனிட் இலவசம் அவருக்கு வந்து சேர்ந்ததா என்பதும் வெளியே தெரிவதில்லை. 2022 நவம்பரில் மின் இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, சுமார் 2.67 கோடி இணைப்புகளுக்கு 2023 பிப்ரவரி இறுதி வரை அந்த வேலை நடந்தது. உரிமையாளரின் ஆதாரா, குடியிருப்பவரின் ஆதாரா என்று அப்போது எழுந்த குழப்பம், இணைப்பு என்பது வீட்டுக்கா ஆளுக்கா என்ற பழைய கேள்வியின் மறுவடிவம்.

இணையத்தில் எல்லாம் முடியும் என்ற பேச்சு கடைசியில் வந்து நிற்பது பெயர் மாற்றத்தில். தாத்தா பெயரில் உள்ள மின் இணைப்பை, தீர்வையை, தண்ணீர்க் குழாயைப் பேரன் பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். சொத்து பல பங்காக இருந்தால் மற்றவர்களின் சம்மதமும் வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் போடலாம், ஆனால் மின்கழகத்துக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் போட வேண்டும். ஓரிடத்தில் மாறிய பெயர் மற்றோரிடத்துக்குத் தானாகப் போகாது. இந்த அலைச்சலுக்கு அஞ்சியே பல வீடுகள் மாற்றாமல் விட்டிருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேரனின் கைபேசியில் 07-இல் தொடங்கும் எண்ணைத் தட்டினால் தாத்தாவின் பெயர் வந்து நிற்கிறது. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அவன், எண் சரி என்று உறுதி செய்துகொண்டு பணத்தை அனுப்புகிறான்.